எம் 240-க்குப் பழைய லென்ஸ்: எது பொருந்தும், எது மாட்டினாலும் உதவாது?

செந்தூல்35 · கோலாலம்பூர்

வணக்கம். பாடி லைக்கா எம் டைப் 240 டிஜிட்டல் கேமரா. வியூஃபைண்டரில் இரண்டு பிம்பத்தை ஒன்றாக்கித் தூரம் பிடிக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருக்கிறது. 35, 50, 90 மி.மீ. என்று மூன்று பழைய லென்ஸ் தேடுகிறேன். இப்போது கண்ணில் பட்டவை: ஜூபிட்டர்-12 35 எஃப்/2.8, ஜூபிட்டர்-8 50 எஃப்/2, கேனன் 50 எஃப்/1.8, குழாய் உள்ளே மடங்கும் எல்மார் 90 எஃப்/4. எல்மார் மட்டும் எம் மவுண்ட், மற்றதெல்லாம் எம்39 திருகு மவுண்ட் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரே அடாப்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போடலாமா? எதைத் தொடவே கூடாது?

கொடிமலை · ஜார்ஜ் டவுன்

அந்த எல்மாரை முதலில் விடுங்கள். 1954 முதல் 1968 வரை வந்த மடங்கும் எல்மார் 90-ஐ டிஜிட்டல் எம் பாடியில் போடக் கூடாது என்று லைக்கா கையேடே சொல்கிறது. ஹோலோகான் 15 எஃப்/8, அருகில் குவியும் அமைப்புள்ள சம்மிக்ரான் 50 இரண்டும் அதே பட்டியலில் இருக்கின்றன. 1961–95 காலத்து சம்மிலக்ஸ் 35 எஃப்/1.4 சிலவும் மாட்டாது, அல்லது இன்ஃபினிட்டி (வெகுதூரக் காட்சி) கூராக வராது.

மற்ற மடங்கும் லென்ஸ்களை, எல்மார் 50, சம்மிட்டார், முதல் சம்மிக்ரான் போன்றவற்றை, நீட்டிய நிலையில் மட்டும் பயன்படுத்தலாம். கேமராவில் இருக்கும்போது உள்ளே தள்ளவே கூடாது. கை தவறும் என்று பயமிருந்தால் குழாயைச் சுற்றி இறுக்கமான ரப்பர் வளையம் ஒன்று மாட்டி வையுங்கள்.

"எம்39" என்ற சொல்லை நம்பி மட்டும் காசு கொடுக்காதீர்கள். லைக்கா, கேனன், ஃபெட், சோர்க்கி ரேஞ்ச்ஃபைண்டர்களின் திருகு மவுண்டில் லென்ஸ் அமரும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. எம் மவுண்டில் 27.8. அந்த 1 மி.மீ. வித்தியாசம்தான் அடாப்டரின் தடிமன். ஆனால் பழைய செனிட் எஸ்.எல்.ஆர். லென்ஸ்களும் எம்39 திருகுதான், அவற்றுக்கு 45.2 மி.மீ. வேண்டும். திருகில் அழகாக ஏறிவிடும், ஆனால் பெரும்பாலும் எந்தத் தூரத்திலும் எதுவும் தெளியாது. இண்டஸ்டார்-50, ஜூபிட்டர்-9, ஜூபிட்டர்-11 எல்லாம் இரண்டு வகையிலும் வந்தவை. விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். ஃபோகஸ் வளையத்தைச் சுற்றும்போது பின்னால் ஒரு பளபளப்பான வளையம் முன்னும் பின்னும் போக வேண்டும். கேமராவுக்குள் ரேஞ்ச்ஃபைண்டரை நகர்த்தும் ரோலரைத் தொடும் கேம் அதுதான். அது இல்லாவிட்டால் செனிட் லென்ஸ், அல்லது பிரிண்ட் போடும் என்லார்ஜர் கருவியின் லென்ஸ்.

ஒரே அடாப்டர் யோசனையும் வேண்டாம். கேமராவில் பூட்டும் அடாப்டரின் பயோனெட் பல் நீளத்தை வைத்துத்தான், வியூஃபைண்டரில் படத்தின் எல்லை காட்டும் ஃபிரேம் கோட்டைக் கேமரா தேர்ந்தெடுக்கிறது: 28/90, 35/135, 50/75 என்று மூன்று ஜோடி. எம்9-இலும் எம்10-இலும் முன்னால் ஒரு நெம்புகோல் இருக்கிறது, தவறான அடாப்டர் போட்டாலும் அதைப் பிடித்துச் சமாளிக்கலாம். சாதா 240-இல் அந்த நெம்புகோலை எடுத்துவிட்டார்கள், எம்-பி 240-இல்தான் திரும்ப வந்தது. ஆகவே லென்ஸுக்கு ஒரு அடாப்டர் வாங்குங்கள், போட்டதைக் கழற்றாதீர்கள்.

ஷிம்தகடு · பட்டர்வொர்த்

கொடிமலை சொன்னது மாட்டுகிற கதை. குவிகிற கதை வேறு.

லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. லென்ஸை மனதில் வைத்து அமைத்தது. ஜூபிட்டர்-8 காண்டாக்ஸ் வழி வந்தது, அதன் குவிய நீளம் 52.4. இரண்டின் மேலும் "50" என்றுதான் எழுதியிருக்கும். 1 மீட்டரில் குவிய 51.6 லென்ஸ் சுமார் 2.81 மி.மீ. வெளியே வர வேண்டும், 52.4 லென்ஸ் 2.90 வர வேண்டும். கேம் 2.81 வந்ததுமே வியூஃபைண்டரில் இரண்டு பிம்பமும் ஒன்றாகிவிடும், நீங்களும் கிளிக் செய்துவிடுவீர்கள். கண்ணாடி 0.09 மி.மீ. பின்தங்கி நிற்கும். கூர்மை கண்ணிலிருந்து ஏறக்குறைய 3 செ.மீ. பின்னால், காதில் போய் விழும்.

எஃப்/2-இல், 1 மீட்டரில், 24 மெகாபிக்சல் படத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் முன்னுக்கு 1.2 செ.மீ., பின்னுக்கு 1.2 செ.மீ.தான். 3 செ.மீ. தவறு அதில் ஒளிய முடியாது. ஃபிலிமில் சின்ன பிரிண்ட் போட்ட காலத்தில் பாதி தவறு மறைந்தே போனது. "எங்கப்பா காலத்துல இந்த லென்ஸ் பிளேடு மாதிரி இருந்துச்சு" என்பவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த பிரிண்ட் அளவு அப்படி.

ஒற்றைக்கண் · பிரிக்ஃபீல்ட்ஸ்

இவ்வளவு கணக்கு எதுக்கு பிரதர்? அடாப்டருக்கும் லென்ஸுக்கும் நடுவுல ஒரு துண்டு டேப் ஒட்டினா 0.05 கிடைச்சுடும். லென்ஸ் முன்னால வந்துடும். முடிஞ்சது லா.

ஷிம்தகடு

முடியாது. டேப் கண்ணாடியை மட்டும் முன்னால் தள்ளாது, கேமையும் சேர்த்தே தள்ளும். 50-இல் இரண்டும் ஒரே அளவு நகர்கிறவை. ஆகவே ஃபோகஸ் வளையத்தைக் கொஞ்சம் சுற்றியதற்கும் டேப் ஒட்டியதற்கும் வித்தியாசமே இல்லை. பழைய 3 செ.மீ. தவறு அப்படியே இருக்கும், கூடவே இன்ஃபினிட்டியும் போகும். 0.05 டேப் போட்டால் 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் கூராகாது.

தகடு போக வேண்டிய இடம் லென்ஸுக்கு உள்ளே. கண்ணாடித் தொகுதி ஃபோகஸ் குழாய்க்குள் உட்காரும் தோளில் தொழிற்சாலை வைத்த மெல்லிய வளையம் ஒன்று இருக்கும். அதன் மேல்தான் கூட்ட வேண்டும். அப்போது கேம் நின்ற இடத்தில் நிற்கும், கண்ணாடி மட்டும் முன்னே வரும். சமையலறை அலுமினியத் தாள் ஒரு மடிப்பு ஏறக்குறைய 0.016 மி.மீ., மூன்று சேர்த்தால் 0.05. அதை வளையமாக வெட்டி, பிசிறில்லாமல் தட்டையாக்கி வையுங்கள். காகிதம் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அது ஊதும், ஒருபக்கம் மட்டும் ஊதினால் லென்ஸ் சாய்ந்துவிடும்.

0.09 தேவை என்றேனே, ஏன் 0.05 போடச் சொல்கிறேன்? 0.09 போட்டால் 1 மீட்டரில் துல்லியம், தூரத்தில் மோசம். 0.05-இல் சுமார் 1.8 மீட்டரில் சரியாக இருக்கும். ஆள் படம் எடுப்பது பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான். 1 மீட்டரில் மிச்சத் தவறு 0.04-க்குள் அடங்கும், தூரக் காட்சிக்கு எஃப்/4 வைத்தால் ஈடாகிவிடும். எஃப்/2-இல் மலை உச்சி கூர்மையாக வேண்டும் என்பவர் ஜூபிட்டர் வாங்க வேண்டாம், கேனன் வாங்கட்டும். தகடு கூட்டினபின் அப்பர்ச்சர் குறி சற்றுத் திரும்பி நிற்கும், படத்துக்கு அதனால் கெடுதல் இல்லை.

ஒற்றைக்கண்

சரி, டேப் வாபஸ். ஆனா மலிவு அடாப்டர் 1.00-க்கு பதிலா 1.05 வந்தா? அதுவும் டேப் மாதிரிதானே. 50-க்கு இன்ஃபினிட்டி மட்டும் போகும், ரேஞ்ச்ஃபைண்டர் பொருத்தம் கெடாதுன்னு அர்த்தமா?

ஷிம்தகடு

50-க்கு அப்படித்தான். பலர் ஏமாறும் இடமும் அதுதான். மலிவு அடாப்டரை 50 போட்டுச் சோதித்து "நல்லாத்தான் இருக்கு" என்று சான்று கொடுத்துவிடுவார்கள்.

35-இலும் 90-இலும் கேம் ஒரு அளவு நகரும், கண்ணாடி வேறு அளவு நகரும். கேம் 0.05 வந்தால் 35-இன் கண்ணாடி 0.023 மட்டுமே வர வேண்டும், 90-இன் கண்ணாடி 0.15 வர வேண்டும். தடித்த அடாப்டர் இரண்டையும் 0.05 தள்ளுகிறது. ஆக 35 தேவைக்கு மேல் முன்னே போய்விடும், கூர்மை ஆளுக்கு முன்னால் விழும். 90 போதாமல் நிற்கும், கூர்மை பின்னால் விழும். 35-இல் மிச்சத் தவறு 0.027, எஃப்/2.8-இல் ஏதோ தப்பிக்கலாம். 90-இல் 0.10, அதை எஃப்/4 கூட மறைக்காது.

ஆகவே 35 முன்னாலும் 90 பின்னாலும் தவறினால் கேமராவைச் சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள், அடாப்டரை அளந்து பாருங்கள். மெல்லிய அடாப்டரில் இது தலைகீழாக இருக்கும். மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளந்து 0.02-க்கு மேல் வித்தியாசம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். வெர்னியர் காலிப்பர் இந்த வேலைக்கு ஆகாது.

செந்தூல்35

அப்ப ஜூபிட்டர்-12 பத்தி யாரும் சொல்லலையே அண்ணே? 35-க்கு அதுதான் விலை குறைவு.

கொடிமலை

விலை குறைவுக்குக் காரணம் அதன் பின்புறம். பின் கண்ணாடி குண்டாக ஷட்டர் பக்கம் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். சாதா பின்மூடி கூடப் போடாது, ஆழமான மூடி வேண்டும். மேசையில் நிமிர்த்தி வைத்தால் கண்ணாடிதான் முதலில் மேசையைத் தொடும்.

240-இல் லைவ் வியூ (சென்சார் பார்ப்பதைப் பின்திரையில் காட்டும் முறை) இல்லாமல் எடுக்கும்போது, ஷட்டர் திரையில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் மீட்டர் அளக்கிறது. பின் கண்ணாடி ஆழமாக இறங்கினால் அந்த ஒளியை அதுவே மறைக்கும். மீட்டர் இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டிவிடும். சூப்பர்-ஆங்குலான் 21 இரண்டு வகைக்கும், 2314921-க்குக் குறைந்த தொடர் எண்ணுள்ள எல்மாரிட் 28-க்கும் இதே நோய். லைவ் வியூ போட்டால் சென்சாரே அளக்கும், அப்போது சரியாக வரும். எம்11 எப்போதும் சென்சாரிலேயே அளப்பதால் அங்கே இந்தச் சிக்கலே இல்லை.

அடுத்தது ஓரங்கள். பின் கண்ணாடி சென்சாருக்கு ஒட்டி இருப்பதால் மூலைக்குப் போகும் ஒளி படு சாய்வாக விழுகிறது. ஃபிலிமுக்கு அது பொருட்டில்லை. சென்சாரில் ஒளி கண்ணாடித் தகட்டைத் தாண்டிக் குழிக்குள் இறங்க வேண்டும். லைக்கா தகட்டை மெல்லிதாக்கி, ஓரத்து நுண்லென்ஸ்களை நகர்த்தியும் வைத்திருக்கிறது. இருந்தும் ஜூபிட்டர்-12 போன்ற, பின் கண்ணாடி ஆழமாக இறங்கும் பயோகான் வகையில் மூலை இருளும், ஒருபக்கம் சிவந்த சாயல் வரும். கறுப்பு வெள்ளை எடுப்பவருக்குக் கவலை இல்லை. வண்ணத்துக்கு ஒரு வழி உண்டு: அதே அப்பர்ச்சரில், லென்ஸ் முன்னால் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டை ஒட்டினாற்போல் வைத்து வானத்தைப் பார்த்து ஒரு படம். லைட்ரூம் கிளாசிக்கில் உள்ள ஃப்ளாட் ஃபீல்டு திருத்தத்துக்கு அதைக் கொடுத்தால் சாயல் போய்விடும். மூலையில் போன கூர்மை மட்டும் திரும்பாது.

35-க்கு என் தேர்வு 1958 முதல் வந்த சம்மாரான் எஃப்/2.8, இல்லையென்றால் 1962-இல் வந்த கேனன் 35 எஃப்/2. சம்மாரான் வாங்கும்போது எம்3 கேமராவுக்காக, வியூஃபைண்டர் முன்னால் வரும் கண்ணாடி மூக்குத்தி வைத்துச் செய்த வகையா என்று பாருங்கள். அதுவும் 240-இல் வேலை செய்யும், 50 ஃபிரேம் வந்து கண்ணாடி வழியே 35 ஆகத் தெரியும், வியூஃபைண்டர் கொஞ்சம் மங்கும். மூக்குத்தியைக் கழற்றிவிட்டு "லேசாக்கிய சம்மாரான்" என்று விற்பார்கள். அதை வாங்காதீர்கள். அந்த லென்ஸின் கேம் மூக்குத்தியோடு சேர்த்துக் கணக்கிட்டது.

ஒற்றைக்கண்

90-க்கு நான் சொல்றேன். மடங்காத எல்மார் 90 எஃப்/4, இல்லாட்டி 1959-இல இருந்து வந்த எல்மாரிட் 90 எஃப்/2.8. 1974-க்கு அப்புறம் வந்த ஒல்லி டெலி-எல்மாரிட் கைக்கு அடக்கம், ஆனா உள்ளே மங்கல் பிடிச்சு கண்ணாடியையே அரிச்சிடும். துடைச்சா போகாது. சி.எல். கேமராவுக்கு வந்த எல்மார்-சி 90 விலை நல்லா இருக்கும், கேம் சாய்வா வெட்டினது. சில பாடியில சரியா வரும், சிலதுல வராது. உங்க பாடியில போட்டுப் பார்க்காம காசு கொடுக்காதீங்க. கேனன் 100 எஃப்/3.5-க்கு 90 கோடுதான் வரும், ஓரத்தை லேசா விட்டு ஃபிரேம் பண்ணணும்.

செந்தூல்35

கேனன் 50 எஃப்/1.8 பார்க்க வார இறுதியில் ஆம்கார்ப் மால் பழம்பொருள் சந்தைக்குப் போகிறேன். கடை முன்னாடி நின்னு என்ன பார்க்கணும்?

கொடிமலை

போன் டார்ச் போதும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து பின்பக்கமிருந்து ஒளியடித்து, முன்பக்கம் நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும். பிறகு எஃப்/16-க்கு மூடி மறுபடி பாருங்கள். கேனன் 50 எஃப்/1.8-க்கும் எஃப்/1.2-க்கும் பிறவி நோய் ஒன்று: அப்பர்ச்சர் இதழ்களுக்கு அடுத்த கண்ணாடியில் பால் படிந்தது போல மங்கல். ஃபோகஸ் கிரீஸின் எண்ணெய் ஆவியாகி அங்கே படிகிறது. புதிதாக இருந்தால் துடைத்தால் போகும். வருடக்கணக்கில் கிடந்தால் கண்ணாடியில் பொறித்துவிடும். சுத்தம் செய்தும் சாம்பல் நிழல் நின்றால் அது பொறித்ததுதான், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பூஞ்சை சிலந்திக் கால் மாதிரி விளிம்பிலிருந்து உள்ளே வரும். பினாங்கில் லோரோங் கூலிட் சந்தையில் தரையில் பரப்பி வைத்திருக்கும் லென்ஸில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். விளிம்பில் ஒரு கால் என்றால் சுத்தம் செய்யலாம், நடுவில் பூ மாதிரி விரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கியதை டிரை கேபினட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள்.

முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் இரண்டு மூன்று படத்தில் தெரியாது. பின்கண்ணாடியில் ஒன்று இருந்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே தெரியும். கேனனின் ஃபில்ட்டர் அளவு 40 மி.மீ., 40.5 அல்ல. கிட்டே குவிவது 1 மீட்டர் வரைதான், கேமரா 0.7 வரை அளந்தாலும் லென்ஸ் அங்கே வராது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால், 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு. அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஷிம்தகடு

வாங்கி வந்ததும் சோதனை. முதலில் இன்ஃபினிட்டி. உங்களுக்குத் தித்திவாங்சா ஏரிக்கரையிலிருந்து இரட்டைக் கோபுர உச்சி போதும், இங்கே பாடாங் கோத்தா கடற்கரையில் நின்றால் எதிர்க்கரை பட்டர்வொர்த் துறைமுகக் கிரேன். காலை வெயில் ஏறுமுன் செய்யுங்கள். தார்ச்சாலைச் சூடு ஏறிவிட்டால் காற்றே நெளியும், லென்ஸ்மேல் பழி விழும். புகைமூட்ட நாளிலும் வேண்டாம். டிரைபாடில் வைத்து, வளையத்தை இன்ஃபினிட்டி முட்டும்வரை சுற்றி, வியூஃபைண்டரில் இரண்டு பிம்பமும் ஒன்றாகிறதா பாருங்கள். அடுத்து லைவ் வியூவில் பெரிதாக்கி, வளையத்தைத் துளி பின்வாங்கினால் இன்னும் கூராகிறதா பாருங்கள். ஆகிறதென்றால் லென்ஸ் இன்ஃபினிட்டி தாண்டி நிற்கிறது, அது பரவாயில்லை. முட்டியும் கூராகவில்லை என்றால்தான் தொல்லை.

பிறகு 1 மீட்டர். மலேசிய நண்பன் நாளிதழ்த் தாள் ஒன்றை மேசையில் 45 பாகை சாய்த்து ஒட்டி, நடுவரியில் பேனாவால் கோடு போடுங்கள். லென்ஸ் முழுத் திறப்பு. ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தை இன்ஃபினிட்டி வரை கொண்டுபோய்த் திரும்ப வந்து ஃபோகஸ் பண்ணுங்கள், ஐந்து படம். ஐந்தும் ஒரே பக்கம் தவறினால் லென்ஸ் அல்லது அடாப்டர். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தவறினால் கண், அல்லது கை. தாளில் தவறு 4 செ.மீ. என்றால் உண்மையான ஆழத் தவறு 2.8 செ.மீ., 45 பாகைக்கு 0.7-ஆல் பெருக்க வேண்டும்.

இதையே எஃப்/2.8, எஃப்/4-இலும் எடுங்கள். ஜூபிட்டர்-3, ஜூபிட்டர்-8 போன்ற சோனார் வடிவமைப்பு லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூட மூட கூர்மை பின்னால் நகரும், எஃப்/1.5-இல் தொடங்கும் ஜூபிட்டர்-3-இல் மிக அதிகம். அதைத் தகடு வைத்துத் தீர்க்க முடியாது. எந்தத் திறப்பில் அதிகம் எடுப்பீர்களோ அதற்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒற்றைக்கண்

இழையைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒரு வரி. எம்8-ன்னா சென்சார் 1.33 மடங்கு வெட்டும், 35 போட்டா 47 மாதிரி. இன்ஃப்ராரெட் தடுப்பும் போதாது, யு.வி./ஐ.ஆர். ஃபில்ட்டர் இல்லாம கறுப்பு சட்டை ஊதாவா வரும். எப்சன் ஆர்-டி1 1.5 மடங்கு. பழைய எம்9 வாங்குறவங்க எஃப்/16-இல வெள்ளை வானத்தை எடுத்து, சுத்தி வளையம் போட்ட புள்ளி இருக்கான்னு பாருங்க. சென்சார் மேல் கண்ணாடி அரிச்சிருந்தா அப்படி வரும், சுத்தம் பண்ணினா போகாது.

செந்தூல்35

கேனன் 50 எடுத்துட்டேன், இதழ் பக்கம் சுத்தம். அடாப்டர் 50/75 வகை. மைக்ரோமீட்டரில் நாலு இடத்தில்: 0.99, 1.00, 1.00, 0.99. இன்ஃபினிட்டி ஒட்டுது. 1 மீட்டர் தாளில் ஐந்து படமும் கோட்டுக்கு 1 செ.மீ. முன்னால்.

ஷிம்தகடு

1 செ.மீ. தாளில் என்றால் ஆழத்தில் 7 மி.மீ. எஃப்/1.8-க்கு எல்லைக்குள்தான் இருக்கிறது. கை வைக்காதீர்கள். 90 வந்ததும் அதே தாளில் எடுங்கள். அதுவும் முன்னால் விழுந்தால் பாடியின் ரேஞ்ச்ஃபைண்டரைப் பார்க்கலாம், விழாவிட்டால் இந்த லென்ஸின் இயல்பு அவ்வளவுதான்.